கேஸும் சாட்சியும்

1

ஆஸ்பத்திரியில் 'கேஸ்' என்றால் மனிதர். 'நேற்று ராத்திரி வந்த கேஸ்', 'தீராத கேஸ்' என்று வார்டில் பேசிக்கொள்ளும்போது நோயும் நோயாளியும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். கோர்ட்டிலும் இந்தச் சொல் உண்டு. ஆனால் அங்கே கேஸ் வேறு, சாட்சி வேறு. விசாரிக்கப்படுவது கேஸ், கண்டதைச் சொல்பவர் சாட்சி. மனோவைத்யத்தின் சரித்திரத்தில் நோயாளி பெரும்பாலும் கேஸாக மட்டுமே இருந்து வந்திருக்கிறார். தன் நோயைப் பற்றிச் சொல்ல அவருக்கு எதுவும் இருக்க முடியாது என்பது நோயின் இலக்கணத்திலேயே சேர்த்து எழுதப்பட்டிருந்தது. புத்தி பேதலித்தவர் பேச்சை எப்படி நம்புவது என்ற கேள்வி, கேள்வியின் உருவில் வந்த தீர்ப்பு.

இத்தீர்ப்பு எங்கு சரியாக இருந்தாலும் ஒரு நோயின் விஷயத்தில் சரியாக இருக்க முடியாது. முன்பு மேனிக்-டிப்ரஸிவ் என்றும், 1980இல் அமெரிக்க மனோவைத்யர் சங்கத்தின் மூன்றாம் கையேடு வந்தபின் பைபோலார் என்றும் அழைக்கப்படும் இருதுருவ நோய்தான் அது. ஒரு காலம் பித்தெழுச்சி: நாள்கணக்கில் தூக்கம் தேவைப்படாது, எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்தும், பணமும் பேச்சும் கட்டின்றி இறைபடும். இன்னொரு காலம் மனச்சோர்வு: எழுந்து பல் தேய்ப்பதே மலையைப் புரட்டுவதாக இருக்கும். இவற்றுக்கிடையே பலருக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தெளிவு. அத்தெளிவில் அவர் முன்பு நடந்ததை நினைவுகூர்கிறார், யோசிக்கிறார், அடுத்தது வருமோ என்று அஞ்சுகிறார், அதற்கேற்ப வாழ்க்கையை மாற்றி அமைத்துக்கொள்கிறார். இரண்டு துருவங்களுக்கும் போய்த் திரும்பி வந்த ஒருவரை, போகாதவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவரிடம் பாதை எப்படி இருந்தது என்று முறையாகக் கேட்கத் தொடங்கியது மிக அண்மையில்தான். அதுவும் பாதி மனதோடு.

2

இந்தத் தெளிவுக் காலத்தை வைத்தியம் கவனிக்காமல் இல்லை. 1850களில் பாரீஸில் ழான்-பியர் ஃபால்ரே 'வட்டச் சுழற்சிப் பைத்தியம்' என்று இந்நோய்க்குப் பெயரிட்டபோது, எழுச்சி, சோர்வு இவற்றோடு இடைப்பட்ட தெளிவையும் சேர்த்தே வட்டத்தை வரைந்தார். அதே சமயம் பையார்ஷே 'இரட்டை உருவப் பைத்தியம்' என்று வேறொரு பெயர் வைத்தார். முதலில் கண்டது யார் என்று 1854இல் இருவருக்குமிடையே தகராறு. யார் கண்டது என்ற அந்த வழக்கில், அதை அனுபவித்தவர் ஒரு தரப்பாகக்கூட இல்லை. தெளிவு நோயின் ஒரு கட்டமாக வரையறுக்கப்பட்டதே தவிர, பேசத் தகுதியுள்ள ஒருவரின் நிலை என்று கொள்ளப்படவில்லை.

இந்நோய்க்கு இன்றுள்ள எல்லைகளை ஏறத்தாழ வகுத்தவர் எமில் க்ரெப்பலின். அவர் சரித்திரத்தில் ஒரு தகவல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1886இல், முப்பது வயதில், டோர்பட் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகரம் அது. அங்கிருந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பேசிய மொழிகள் ஜெர்மன் பேராசிரியருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஒருவர் பேசுவது புரியாதபோது அவரிடம் மிஞ்சுவது என்ன? முகம், கை கால் அசைவு, தூக்கம், எடை, நோய் தொடங்கிய தேதி, முடிந்த தேதி. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு எழுதி, சீட்டுகளை அடுக்கிப் பிரித்து, நோயின் போக்கையும் முடிவையும் வைத்து வகை செய்யும் முறையை அவர் பின்னர் ஹைடல்பர்க்கில் முழுமைப்படுத்தினார். 1899இல் வெளிவந்த அவருடைய பாடநூலின் ஆறாம் பதிப்பு, மேனிக்-டிப்ரஸிவ் பைத்தியத்தை, பின்னால் ஸ்கிஸோஃப்ரீனியா எனப் பெயர்பெற்ற மற்றொன்றிலிருந்து தெளிவாகப் பிரித்தது.

க்ரெப்பலினின் முறை வெற்றி பெற்றது என்பதை மறுப்பதற்கில்லை. விட்டு விட்டு வருவது, தேறக்கூடியது என்று இந்நோயை அடையாளம் கண்டது பெரிய சேவை. ஆனால் அந்த வெற்றியிலேயே ஒரு ஊமைத்தனம் கலந்திருந்தது. மொழி தெரியாத ஊரில் கட்டாயமாக ஏற்பட்ட பழக்கம், மொழி தெரிந்த ஊரிலும் விஞ்ஞானத்தின் ஒழுங்காக நிலைத்துவிட்டது. மாணவர்களுக்கு முன்னால் அவர் நிறுத்திப் பரிசோதித்த ஓர் இளைஞனைப் பற்றி ஆர்.டி. லெய்ங் 1960இல் எழுதியது பலருக்கு நினைவிருக்கும். அவனுடைய நோய் வேறு. அவன் பேச்சில் உபயோகமான தகவல் எதுவும் இல்லை என்று க்ரெப்பலின் முடித்த இடத்தில், அந்தப் பேச்சே பரிசோதனையைக் கேலி செய்யும் பதில் என்று லெய்ங் படித்துக் காட்டினார். தகவல் இல்லாமல் இல்லை. அது அவர் கேட்ட கேள்விக்கான தகவலாக இல்லை.

3

சாட்சிக் கூண்டில் தானாக ஏறி நின்றவர்களும் உண்டு. அவர்களில் மிகுந்த பாதிப்பை ஏற்படுத்தியவர் க்ளிஃபர்ட் பியர்ஸ் என்ற அமெரிக்கர். யேல் பட்டதாரி. 1900இல் தற்கொலைக்கு முயன்று பிழைத்து, அடுத்த மூன்றாண்டுகளைக் கனெக்டிகட் மாநிலத்தின் மூன்று மனநோய் விடுதிகளில் கழித்தார். நீண்ட சோர்வுக்குப்பின் எழுச்சி வந்தபோது, பொட்டலம் கட்டும் காகிதச் சுருள்களில் எழுதித் தள்ளினார். மாநில கவர்னருக்கே புகார்க் கடிதம் போனது. மூர்க்கமான நோயாளிகள் வார்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காகவே தன்னை அங்கு மாற்றும்படி நடந்துகொண்டார். அடியும் கட்டுச்சட்டையும் கிடைத்தன. இதெல்லாம் நோயின் குறிகள் என்று கேஸ் தாளில் பதிவாகியிருக்கும். வெளியே வந்து 1908இல் அவர் எழுதிய 'தன்னைக் கண்டுகொண்ட மனம்' என்ற நூலில் அதே நடவடிக்கைகள் ஒரு நிருபரின் வேலையாக மாறுகின்றன. இரண்டும் உண்மை என்பதுதான் விஷயம். எழுச்சியில் இருந்தவரும் அவரே, பார்த்தவரும் அவரே.

வில்லியம் ஜேம்ஸ் அந்நூலுக்கு ஆதரவாக எழுதினார். அடால்ஃப் மேயர் என்ற முன்னணி மனோவைத்யர் கூடவே நின்றார். இயக்கத்துக்கு 'மனச் சுகாதாரம்' என்ற பெயரும் அவர் யோசனைதான். 1909இல் தேசியக் கமிட்டி பிறந்தது. ஆனால் அதற்குப் பின் நடந்தது எல்லா ஸ்தாபனங்களிலும் நடப்பது. தீர்மானங்கள் வைத்தியர்கள் கைக்குப் போயின. விடுதிகளின் கொடுமையைப் பற்றிப் பேசத் தொடங்கிய கமிட்டி, நோய் வராமல் தடுப்பது, குழந்தைகளுக்கு மனப் பயிற்சி என்று கௌரவமான விஷயங்களுக்கு நகர்ந்தது. மேயரே பின்னர் அதிலிருந்து விலகினார். பியர்ஸ் காரியதரிசியாக, நிதி திரட்டுபவராக இருந்தார். 1939இல் மறுபடி நோயாளியாக விடுதிக்குத் திரும்பி, 1943இல் அங்கேயே இறந்தார். சாட்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்து மாலை போட்டபின் விசாரணையை அவர் இல்லாமலே நடத்திக்கொள்ளலாம் என்பதற்கு இது முதல் பாடம்.

4

லித்தியத்தின் கதை பலமுறை சொல்லப்பட்டது. நான் அதில் இரண்டு இடங்களில் மட்டும் நிற்க விரும்புகிறேன்.

முதல் இடம் மெல்பர்ன் புறநகரான பண்டூராவில் இருந்த, போரிலிருந்து திரும்பியவர்களுக்கான மனநோய் ஆஸ்பத்திரி. சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் மூன்றரை ஆண்டு கைதியாக இருந்த ஜான் கேட் என்ற டாக்டர், உபயோகத்தில் இல்லாத ஒரு சமையற்கட்டு அறையைச் சோதனைச்சாலை ஆக்கிக்கொண்டு கினிப்பன்றிகளோடு வேலை செய்தார். 1948 மார்ச் இறுதியில் ஐந்தாண்டுகளாக ஓயாத எழுச்சியில் இருந்த, ஐம்பத்தோரு வயது நோயாளி ஒருவருக்கு லித்தியம் உப்பைக் கொடுத்தார். கட்டுரையில் அவர் பெயர் டபிள்யூ. பி. என்ற இரண்டெழுத்து. சில வாரங்களில் அவர் அடங்கினார். ஜூலையில் வீட்டுக்குப் போய்ப் பழைய வேலையில் சேர்ந்தார். 1949 செப்டம்பரில் வெளிவந்த கேடின் கட்டுரை பத்து எழுச்சி நோயாளிகளைப் பற்றிப் பேசுகிறது. நவீன மனோவைத்ய மருந்துகளின் சரித்திரமே அங்கிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் டபிள்யூ. பி. வீட்டுக்குப் போனபின் மருந்தில் அசட்டையாகி, கடைசியில் நிறுத்தியே விட்டார். மறுபடி நோய், மறுபடி ஆஸ்பத்திரி. 1950இல் லித்தியம் உடம்பில் விஷமாகி இறந்தார். ஏன் நிறுத்தினார்? கட்டுரையில் 'அசட்டை' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. காரணம் அவர் வாயால் சொல்லப்படவில்லை. வயிறு கெட்டதா, கை நடுங்கியதா, ஐந்தாண்டுகள் கூடவே இருந்த ஏதோ ஒன்றை இழந்ததாகப் பட்டதா? இந்நோயின் வைத்தியம் இன்றுவரை முட்டிக்கொண்டு நிற்கும் இடமே இதுதான். மருந்து வேலை செய்கிறது, மனிதர் நிறுத்திவிடுகிறார். நிறுத்துவதற்கு வைத்தியத்திடம் பெயர் உண்டு, காரணம் இல்லை. காரணம் நிறுத்தியவரிடம் இருக்கிறது.

இரண்டாவது இடம் டென்மார்க். அங்கே மோகன்ஸ் ஸ்கௌ 1954இல், எழுச்சியைத் தணிக்க லித்தியம் பயன்படுவதைக் கட்டுப்பாடான சோதனையில் காட்டினார். அடுத்த கேள்வி, வந்த நோயைத் தணிப்பதோடு, வரப்போவதைத் தடுக்கவும் செய்யுமா என்பது. இந்தக் கேள்வியின் பிறப்பில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. போல் பாஸ்ட்ரூப் என்ற டாக்டர், வீட்டுக்கு அனுப்பியபின் லித்தியத்தை நிறுத்தச் சொல்லியிருந்த நோயாளிகளைப் பிறகு விசாரித்தபோது, சிலர் சொல்லைக் கேளாமல் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஏன் என்றால், சாப்பிட்டால் மறுபடி வருவதில்லை! வைத்தியம் கேட்கத் துணியாத கேள்விக்கு நோயாளிகள் தாங்களே பதில் கண்டுபிடித்து, அந்தப் பதிலின்படி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வைத்தியக் குறிப்பில் இது கீழ்ப்படியாமை. சரித்திரத்தில் இதுவே கண்டுபிடிப்பு.

பாஸ்ட்ரூப்பும் ஸ்கௌவும் 1967இல் 88 பெண் நோயாளிகளின் பல ஆண்டு வாழ்க்கையை வைத்து இதை வெளியிட்டனர். மறு ஆண்டே லண்டனிலிருந்து ப்ளாக்வெல், ஷெப்பர்ட் இருவரும் இது இன்னொரு வைத்தியக் கட்டுக்கதையோ என்று கேட்டு எழுதினார்கள். சோதனை முறையைப் பற்றிய அவர்களுடைய சந்தேகம் நியாயமானதே. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. ஸ்கௌவின் சொந்தச் சகோதரர் திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வால் அவதிப்பட்டு, லித்தியத்தால் மீண்டவர். அதனால் ஷெப்பர்ட் பார்வையில் ஸ்கௌ விஞ்ஞானி இல்லை, விசுவாசி. அருகில் இருந்து பார்த்தவர் என்பதே அவர் சாட்சியத்தைக் கெடுக்கும் குறையாயிற்று. 1970இல் டேனிஷ் குழு மறைமுறைச் சோதனை நடத்தியது. லித்தியத்தில் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்ட 39 பேரில் 21 பேருக்குத் திரும்பியது. ஆக, சொல்லைக் கேளாத அந்தச் சில நோயாளிகள் சொன்னது சரி. ஆனால் அவர்கள் சொன்னபோது அது நம்பத் தகுந்ததாக இல்லை. எண்ணாக மாறியபின்தான் நம்பத் தகுந்ததாயிற்று. எண்ணை நான் பழிக்கவில்லை. எண்ணுக்கு முன்னால் ஒருவர் பேசினார் என்பது மறந்துபோவதைத்தான் சொல்கிறேன்.

5

எழுத்தாளர் வட்டங்களில் இந்நோய்க்கு வேறொரு சரித்திரம் உண்டு. அதில் நோயாளி கேஸாக இருப்பதில்லை, தீர்க்கதரிசி ஆகிவிடுகிறார். பித்தும் கவிதையும் ஒரே ஊற்று என்ற பழைய நம்பிக்கைக்குப் புதிய ஆதாரமாக இருதுருவ நோய் கிடைத்தது. லெய்ங்கின் வழியில் போனவர்கள் சிலர் நோய் என்ற ஒன்றே இல்லை என்றுகூடச் சொன்னார்கள். க்ரெப்பலின் நோயாளியின் பேச்சைக் கேட்கவில்லை என்றால், இவர்கள் கேட்டது தங்களுக்கு வேண்டிய பேச்சை மட்டும்.

ராபர்ட் லோவெல் பல ஆண்டுகள் ஏறத்தாழ வருஷம் தவறாமல் எழுச்சியில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கவி. 1967இல் லித்தியம் தொடங்கியது. பதிப்பாளர் ராபர்ட் ஜிரூவிடம் அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு: தான் பட்டதும் பிறரைப் படுத்தியதும் மூளையில் ஒரு சிறு உப்புக் குறைவால்தானா என்று. உப்புக் குறைவு என்ற விளக்கம் விஞ்ஞானப்படி சரியில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் இருக்கும் திகைப்பைத் தீர்க்கதரிசிக் கோட்பாடு எதனாலும் விளக்க முடியாது. தன் தரிசனம் என்று நம்பியிருந்தது ஓர் உப்பில் அடங்கும் என்றால், தான் யார்? இது வைத்தியரின் கேள்வியாக இருந்ததில்லை, விமர்சகரின் கேள்வியாகவும் இருந்ததில்லை. உள்ளே இருந்தவரின் கேள்வி.

கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்த இரண்டு சரித்திரங்களும் சந்திக்கும் இடம். 1990இல் ஃப்ரெடரிக் குட்வினோடு சேர்ந்து இந்நோயைப் பற்றிய பெரும் பாடநூலை எழுதியவர். 1993இல் நோயையும் கலைஞர்களையும் பற்றி ஒரு நூல். 1995இல் தானே அந்நோய் உடையவர் என்று சுயசரிதையில் வெளியிட்டார். பாடநூல் எழுதியவரே கேஸ். அந்தச் சுயசரிதையில் என்னை நிறுத்திய பகுதி எழுச்சியின் வர்ணனை இல்லை. அதிக அளவு லித்தியத்தில் இருந்த ஆண்டுகளில் அவரால் ஒரு புத்தகத்தைத் தொடர்ந்து படிக்க முடியவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தும் மனதில் நிற்பதில்லை. அளவு குறைக்கப்பட்டபின் படிப்பு திரும்பியது. மருந்து தன் உயிரைக் காத்தது என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் யார்? படிப்பை இழப்பது என்ன இழப்பு என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிவதில்லை. படிப்பவர் சொன்னால்தான் உண்டு.

6

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கேள்வியே சற்று மாறியது. அதற்கு முன்னேற்பாடுகள் வேறிடங்களில் நடந்திருந்தன. 1946இல் கர்ட் லெவின் செயலோடு பிணைந்த ஆராய்ச்சியைப் பற்றி எழுதினார். ஒடுக்கப்பட்டவர் தம் உலகைத் தாமே பெயரிட்டு அறிய வேண்டும் என்ற பாவ்லோ ஃப்ரெய்ரேயின் சிந்தனை 1970களில் லத்தீன் அமெரிக்காவையும் ஆசியாவையும் பாதித்தது. ஆராயப்படும் ஜனங்களே ஆராய்பவர்களாகவும் இருக்கலாம் என்ற முறை அதிலிருந்து கிளைத்தது. அமெரிக்காவில் ஜூடி சேம்பர்லின் 1978இல் 'நம் பலத்தில் நாம்' என்று சொல்லத்தக்க ஒரு நூலை எழுதி, ஆஸ்பத்திரிக்கு மாற்றாக, நோயாளிகளாக இருந்தவர்களே நடத்தும் இடங்கள் வேண்டும் என்றார். அவருக்கு வைத்தியரோடு கூட்டு என்பதில் நம்பிக்கையில்லை. பியர்ஸின் கமிட்டிக்கு நேர்ந்ததை நினைத்தால் அந்த அவநம்பிக்கையைக் குறை சொல்ல முடியாது.

இருந்தும் கூட்டு முயற்சிகள் வந்தன. கேட் வேலை செய்த அதே மெல்பர்னில், தானே இந்நோய் உடைய ஸாரா ரஸ்ஸல் என்ற ஆய்வாளர், இரண்டாண்டுகளாவது நலமாக இருந்த நூறு பேரிடம் 2005இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கேட்டார்: எப்படி நலமாக இருக்கிறீர்கள்? இந்தக் கேள்வியின் எளிமையைப் பார்த்து ஏமாறக்கூடாது. அதுவரை கேட்கப்பட்டதெல்லாம் எப்படி நோயுற்றீர்கள் என்பது. நலமாக இருப்பவர் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை; ஆகவே ஆராய்ச்சியின் கண்ணில் அவர் இல்லை. ஃபால்ரே வட்டத்தில் வரைந்துவிட்டுக் கடந்துபோன தெளிவுக் காலத்துக்குள் இப்போதுதான் ஒருவர் கதவைத் தட்டி நுழைகிறார். உள்ளே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தூக்கம் ஒரு மணி நேரம் குறைந்தால் என்ன அர்த்தம், எந்த மாதிரிச் சண்டை, எந்த மாதிரிப் பயணம் தன்னைக் கிளப்பிவிடும், முதல் அடையாளம் எது, அது கண்டதும் யாரிடம் சொல்வது என்று ஒவ்வொருவரும் தனக்கென ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார்கள்.

கனடாவில் வான்கூவர் நகரின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரின் மிகலாக் தொடங்கிய க்ரெஸ்ட் பி.டி. என்ற கூட்டாய்வுக் குழு இதை ஒரு முறையாகவே வளர்த்தது. மனோவைத்யர், மனோதத்துவ ஆய்வாளர், நோயுடையவர், குடும்பத்தார் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி. எதை ஆராய்வது என்ற தீர்மானத்திலேயே நோயுடையவருக்குப் பங்கு. 2006இல் மிகலாக்கும் சகாக்களும் வெளியிட்ட பேட்டி ஆய்வில், நல்ல வாழ்க்கைக்கு எது வேண்டும் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்களின் தலைப்புகள் இவை: அன்றாட ஒழுங்கு, பிறர் கையை எதிர்பாராமை, களங்கமும் வெளியே சொல்வதா என்பதும், தான் யார் என்பது, மனிதத் துணை, ஆன்மிகம். வைத்தியரின் பட்டியலில் முதலில் நிற்கும் நோய்க்குறிகள் இதில் தலைப்பாக இல்லை. நோய்க்குறி அவர்களுக்கு முக்கியமில்லை என்பது இதன் பொருளாகாது. குறி தணிந்தபின்னும் வாழ்க்கை மிச்சமிருக்கிறது, அதைப் பற்றித்தான் அவர்கள் பேச விரும்பினார்கள்.

மிகலாக்கும் மெல்பர்னைச் சேர்ந்த க்ரெக் மர்ரேயும் 2010இல் இதை ஓர் அளவுகோலாக ஆக்கினார்கள். 56 கேள்விகள். தூக்கம், மனநிலை, யோசிக்கும் திறன் என்பவற்றோடு பணம், வீட்டு வேலை, தன்மதிப்பு, தான் என்ற உணர்வு ஆகியவையும் அதில் இடம்பெற்றன. அதே ஆண்டு அக்குழு வெளியிட்ட இன்னோர் ஆய்வின் தலைப்பு, நோயோடு நன்றாக வாழ்கிறவர்களை 'நிபுணர்கள்' என்று அழைக்கிறது. நூறாண்டு முன்பு அச்சொல் யாருக்கு உரியதாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். விக்டோரியா மாக்ஸ்வெல் என்ற, தானே இந்நோய் உடைய நடிகை, களங்கத்தைப் பற்றி எழுதி நடித்த ஒருநபர் நாடகத்தையும் அக்குழு தன் ஆராய்ச்சியின் அங்கமாக்கிற்று. பார்த்தவர்களின் மனப்பான்மை மாறுகிறதா என்பதை ஆராய்ந்தது. ஆஸ்பத்திரி மேடையில் மாணவர்களுக்கு முன் நிறுத்தப்பட்ட அந்த இளைஞனிலிருந்து, வைத்தியர்கள் சபையில் உட்கார்ந்து பார்க்கத் தான் எழுதியதைத் தானே நடிக்கும் இந்தப் பெண் வரை வந்த தூரம் சிறியதல்ல.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. நோயாளியின் வாழ்க்கையை ஆண்டுவாரியாக, ஏற்ற இறக்கங்களோடு வரைந்து காட்டும் வழக்கம் க்ரெப்பலினுடையது. மேயர் அதை வேறுவிதமாகக் கற்பித்தார். 1980களில் அமெரிக்காவில் ராபர்ட் போஸ்ட்டும் சகாக்களும் அதைப் புதுப்பித்தபோது, படம் நோயாளியின் கையில் கொடுக்கப்பட்டது. தினமும் இரவு அவரே தன் நாளைக் குறிக்கிறார். தாள் அதே தாள்தான். பென்சில் கை மாறியிருக்கிறது.

7

இத்தோடு முடித்தால் இது ஒரு வெற்றிக் கதையாகிவிடும். எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு.

முதலாவது, எந்தச் சாட்சி அழைக்கப்படுகிறார் என்பது. நன்றாக வாழ்கிறவர்களிடம் கேட்பது அவசியமான திருத்தம். ஆனால் மேஜையில் வந்து உட்காரக்கூடியவர் ஏற்கனவே படிப்பு, வேலை, வாடகை கொடுக்கச் சக்தி எல்லாம் ஓரளவு உடையவர். ஒழுங்கான தூக்கம் வேண்டும் என்பது சரி. இரவு ஷிப்டில் வேலை செய்பவர் என்ன செய்வார்? இரண்டாவது, நன்றாக வாழ்தல் என்பதற்கு யார் வைத்த அர்த்தம்? வேலைக்குப் போகிறார், தொந்தரவு செய்வதில்லை என்பதே நலம் என்றால், அது முதலாளிக்கும் குடும்பத்துக்கும் ஏற்ற நலம். மூன்றாவது, அனுபவம் 56 கேள்விகளாக மாறும்போது அது மறுபடி சீட்டாகிவிடும் அபாயம். க்ரெப்பலினின் சீட்டில் நோயாளி பேசவில்லை. இதில் பேசுகிறார், ஆனால் கட்டங்களுக்குள். நான்காவது பியர்ஸின் பாடம்: ஸ்தாபனம் சாட்சியை விழுங்கிவிடும்.

இச்சந்தேகங்களால் அம்முயற்சியைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் பெறுமானத்தை அளக்க வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். நோயுடையவரை மேஜைக்கு அழைத்தோமா என்பது போதிய கேள்வி ஆகாது. அவர் வந்ததால் கேள்வி மாறியதா? பல இடங்களில் மாறவில்லை. மேலே சொன்ன சில இடங்களில் மாறியிருக்கிறது. எத்தனை நாள் நோயில்லாமல் இருந்தார் என்பதிலிருந்து, இருந்த நாள்கள் அவருடைய நாள்களாக இருந்தனவா என்பதற்கு.

நம் நாட்டில் இது சட்டத்தில் ஒரு சிறு வடிவம் பெற்றிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவர் தெளிவாக இருக்கும்போதே, தனக்கு நோய் வந்தால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம், யார் தன் சார்பில் பேசலாம் என்று எழுதிவைக்க உரிமை தருகிறது. வேறெந்த நோயாளியையும்விட இருதுருவ நோய் உடையவருக்காகவே எழுதப்பட்டது போன்ற விதி. தெளிவில் இருப்பவர் எழுச்சியில் இருக்கப்போகும் தனக்காகச் சாட்சி எழுதிவைக்கிறார். சட்டம் இருப்பது ஒன்று. அந்தத் தாளை டாக்டர் கேட்டு வாங்கிப் படிப்பது வேறு. முதலில், அப்படி ஒன்றை எழுதலாம் என்பது வீட்டாருக்குத் தெரிய வேண்டும்.

8

கடைசியாக, இதைப் படிக்கும் சிறு வட்டத்துக்கு இதில் என்ன அக்கறை?

'ழ' பத்திரிகையை நடத்திய ஆத்மாநாம் மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தவர். 1984இல், முப்பத்து மூன்று வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதன்பின் அவர் கவிதைகளை அந்த முடிவிலிருந்து பின்னோக்கிப் படிக்கும் பழக்கம் ஒன்று நம்மிடம் வந்தது. ஒவ்வொரு படிமத்திலும் நோயைக் காண்பது ஒரு வகை; ஒவ்வொரு படிமத்திலும் நோயின் மேன்மையைக் காண்பது இன்னொரு வகை. முதலாவது அவரைக் கேஸாக்குகிறது, இரண்டாவது தீர்க்கதரிசி ஆக்குகிறது. ஒரு பத்திரிகையை இதழ் இதழாகக் கொண்டுவந்து, மொழிபெயர்த்து, வரிகளைத் திருத்தி, வேலை தேடி, மாத்திரை சாப்பிட்டு வாழ்ந்த நாள்கள் இரண்டு வாசிப்பிலும் விழுந்துவிடுகின்றன. ஆனால் கவிதைகள் எழுதப்பட்டது அந்த நாள்களில்தான்.

விமர்சனத்தில் நாம் அடிக்கடி அனுபவத்தின் சத்தியம் என்று பேசுகிறோம். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்குமானால், அனுபவித்தவர் உயிரோடு இருக்கும்போது அவரிடம் கேட்கும் வழக்கம் முதலில் வேண்டும். நம் வட்டத்திலேயே இந்நோயோடு எழுதுகிறவர்கள் இருக்கலாம். ஓர் ஆண்டு ஒரு வரியும் எழுதாமல் இருந்துவிட்டு மறு ஆண்டு ஒரு மாதத்தில் ஒரு தொகுப்பை முடிப்பவரைப் பற்றி நாம் வியக்கிறோம், கிசுகிசுக்கிறோம். சரியாகத் தூங்கினாயா, மாத்திரை படிக்க விடுகிறதா என்று கேட்பதில்லை. இவை இலக்கியக் கேள்விகள் இல்லை என்று நினைக்கிறோம். சிகிச்சைக்குப்பின் ஒருவர் எழுதுவது முன்பு எழுதியதைவிட அடங்கியதாக இருந்தால், மருந்து கவிதையைக் கொன்றுவிட்டது என்று சொல்ல நம்மிடம் ஆள் உண்டு. அந்த அடங்கிய வரியை உயிரோடு இருந்து எழுதியவர் என்ன நினைக்கிறார் என்று கேட்க ஆள் இல்லை.

பாஸ்ட்ரூப்பின் நோயாளிகள் சொல்லைக் கேளாமல் கண்டுபிடித்ததை, வைத்தியம் பின்னால் போய் ஒப்புக்கொண்டது. கேட்கத் தொடங்கிய பிறகாவது கேட்டது. இலக்கியத்துக்கு அந்த அளவு பொறுமையாவது இருக்க வேண்டும்.